தரையிலிருந்து எழுந்திருக்க எட்டு வாரம்

போன வருஷம் மாசி மாதம், அப்பாவின் திவசத்தன்று, பஞ்சாபகேசன் நமஸ்காரம் பண்ண விழுந்தார், எழுந்திருக்கவில்லை. மயக்கம் கியக்கம் ஒன்றும் இல்லை. நல்ல நினைவோடுதான் கிடந்தார். முழங்காலை ஊன்றி, வலது காலை முன்னால் வைத்து, பாதி தூரம் எழுந்தவர், யாரோ தோளில் மூட்டையை இறக்கினாற்போலத் திரும்பத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் முறையும் அதே கதைதான். மூன்றாம் முறை முயல்வதற்குள், பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் ஜெயராம் வாசல் பக்கமிருந்து ஓடிவந்து, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டான்.

பிள்ளை அப்பாவைத் தூக்கினால் தப்பா என்று கேட்கக்கூடாது. அன்றைக்குத் தப்புத்தான். திவசம் பண்ணுகிறவர் விடிகாலையில் குளித்து, தனியாக உலர்த்திய வேட்டியைக் கட்டிக்கொண்டு மடியாக இருப்பார். காரியம் முடியும்வரை மடியில்லாத கை அவர்மேல் படக்கூடாது. ஜெயராமோ அப்போதுதான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று ஆபீஸ் போன் பேசிவிட்டு வந்திருந்தான்.

அப்புறம் என்ன, பஞ்சாபகேசன் மறுபடியும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மாற்று மடி வேட்டி இல்லாமல் ஈர வேட்டியையே பிழிந்து கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இலையில் உட்காரவேண்டிய இரண்டு பிராமணர்களில் ஒருவர் சர்க்கரை வியாதிக்காரர். மணி இரண்டரை தாண்டியதும் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. இந்தக் களேபரத்தில் பஞ்சாபகேசனின் மனைவி ஜகதாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சமையலறைக்குப் போய் அடுப்பைத் தணித்தாள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது வாத்தியார் மெதுவாகச் சொன்னார்:

"அடுத்த வருஷம் ஒரு நாற்காலி போட்டுடலாம் மாமா. உக்காந்துண்டே கை கூப்பினாப் போறும். பகவான் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

பகவான் சொல்ல மாட்டார் என்பது பஞ்சாபகேசனுக்கும் தெரியும். அவர் பயம் அப்பாவைப் பற்றியது. எண்பத்தொரு வயதிலும் தன் தகப்பனார் திவசத்தில் தரையில் விழுந்து நமஸ்கரித்து, ஒருவர் தயவும் இல்லாமல் எழுந்தவர் அப்பா. பிள்ளை அறுபத்தொன்பதில் நாற்காலி கேட்டால் அந்த மனுஷர் வந்த வழியே திரும்பிப் போய்விடுவார் என்று பஞ்சாபகேசன் நிஜமாகவே நம்பினார். நம்புகிறவரிடம் போய் நாம் வாதாட முடியாது.

வருஷம் பூராவும் இதை மனசுக்குள்ளேயே வைத்துக் குமைந்தார். தை பிறப்பதற்கு நாலு நாள் முன்னால்தான், ஆனையூர் ரேஷன் கடைக்கு எதிரில் ஒரு பிசியோதெரபி கிளினிக் இருப்பது கண்ணில் பட்டது. கையில் எட்டு வாரம் இருந்தது. ஜகதாம்பாளையும் கூட்டிக்கொண்டு போனார்.

கிளினிக் நாகஜோதியுடையது. பேரையூர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். அப்பாவுக்கு அங்கே பருத்திக்காடு. வாய் கொஞ்சம் நீளம்.

"உக்காருங்க சார். கைய நெஞ்சுல கட்டிக்கங்க. முப்பது செகண்டுல சேர்லருந்து எத்தன தடவ எந்திரிக்கிறீகன்னு பாப்போம்."

ஏழு தடவை எழுந்தார். ஏழாவது அரைகுறை. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். பிறகு பென்சில் டப்பா அளவில் ஒரு கருவியைக் கணுக்காலுக்கு முன்னால் பிடித்து, முழங்காலை நீட்டித் தள்ளச் சொன்னாள். வலது கால் பதின்மூன்று கிலோ காட்டியது, இடது கால் பதினொன்று.

"இதுக்கு முத்திரை போட்டிருக்கா?" என்றார் பஞ்சாபகேசன்.

"எதுக்கு சார்?"

"இந்தக் கருவிக்கு. வருஷா வருஷம் சரிபார்த்து முத்திரை போடணுமே."

அவர் முப்பத்தொரு வருஷம் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மதுரையில் அவர் கைபடாத தராசு குறைவு. காய்கறிக் கடை, நகைக் கடை, பழைய இரும்புக் கடை என்று எதையும் விட்டதில்லை. எடைக்கல்லின் அடியில் புளியை ஒட்டுகிறவனையும், தட்டின் கீழே காந்தத்தை ஒளிக்கிறவனையும் பிடித்துப் பிடித்து, மனிதன் சொல்வதை நம்பாத குணம் அவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது.

"முத்திரையெல்லாம் இல்ல சார். எதுக்காகப் பலம் வேணும்? அதச் சொல்லுங்க மொதல்ல."

இங்கேதான் பஞ்சாபகேசன் கோட்டை விட்டார். நமஸ்காரம் பண்ணி எழுந்திருக்க முடியவில்லை என்று ஒரு சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "மாடிப்படி ஏறணும்," என்றார்.

ஜகதாம்பாள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. ஆனாலும் நாற்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் எந்த இடத்தில் வாயைத் திறக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

"நல்லது. மாடிப்படிக்கே பழக்கிருவோம்," என்றாள் நாகஜோதி.

வாரத்துக்கு மூன்று நாள், காலை ஆறரை மணி. கையில் எடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருப்பது, கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு காலை நீட்டுவது, மரப்பலகையில் ஏறி இறங்குவது, ரப்பர் பட்டையை இழுப்பது. ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக மூன்று தரம். எளிதாகிவிட்டால் உடனே எடையைக் கூட்டிவிடுவாள். "லேசா இருந்தா அது ஒடற்பயிற்சி இல்ல சார், பொழுதுபோக்கு," என்பாள். முட்டை சாப்பிடுவீகளா என்று கேட்டாள். வாசல்படி தாண்டாது என்றார். அப்படியென்றால் தினம் சுண்டலும் பாலும் பனீரும் என்று எழுதிக் கொடுத்தாள். ஓய்வு நாட்களில் எக்காரணம் கொண்டும் எதையும் தூக்கக்கூடாது என்றும் எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.

மணல் பைகளைச் சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்துப்போய் எடை பார்த்துவிட்டு வந்து, "ரெண்டு கிலோன்னு போட்டிருக்கு. ஒண்ணு எண்ணூத்தி எழுபதுதான் இருக்கு," என்று பஞ்சாபகேசன் புகார் கொடுத்தார்.

"நூத்தி முப்பது கிராம் மண்ணுக்கு என்னயக் கோர்ட்டுக்கு இழுத்துராதீக சார்."

கிளினிக் போன நாட்களில் சாயங்காலம் வீட்டிலும் பயிற்சி உண்டு. அதற்கு ஜகதாம்பாள்தான் எல்லாம். தரையில் உட்கார்ந்து அவர் காலில் பையைக் கட்டுவாள். "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவாள். அவர் ஏமாற்றினால் அந்த எண்ணைத் திரும்பச் சொல்வாள். முடிந்ததும் பையை அவிழ்த்துவிட்டு, "அந்த ஸ்டூலைச் சித்த இப்படித் தள்ளுங்கோ," என்பாள். அவர் நோட்டில் எழுதிக்கொண்டே காலால் ஸ்டூலைத் தள்ளுவார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ச் சுண்டலைத் தாளிப்பாள். அவர் தலை நிமிர்ந்து பார்த்தது கிடையாது. நோட்டில் எழுதவேண்டியது அவ்வளவு இருந்தது.

அந்த நோட்டில் தொடையின் சுற்றளவு தனி வரிசை. ஞாயிறு காலையில், முழங்கால் சில்லுக்கு மேலே பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பேனாவால் குறி போட்டு, தையல் டேப்பால் அளப்பார். முதல் வாரம் நாற்பத்து மூன்று புள்ளி இரண்டு. அடுத்த இரண்டு வாரமும் அதேதான். வண்டியூரில் தெப்பம் நடந்த அன்று கிளினிக் லீவு. ஊரே தெப்பக்குளத்துக்குப் போயிருக்க, இவர் கூடத்தில் உட்கார்ந்து தொடையை அளந்துகொண்டிருந்தார். நாற்பத்து மூன்று புள்ளி இரண்டு.

நாலாம் வாரக் கடைசியில் நாகஜோதி மறுபடி சோதித்தாள். முப்பது விநாடியில் பதினோரு தடவை எழுந்தார். கருவி வலது காலுக்குப் பதினேழு காட்டியது, இடதுக்குப் பதினைந்து. அவள் கை தட்டினாள். பஞ்சாபகேசன் நோட்டைப் பிரித்து அவள் முன்னால் போட்டார்.

"தொடை ஒரு நூல்கூட ஏறலை. அப்போ பலம் எங்கேருந்து வந்தது? ஒண்ணு ஒன் மெஷின் பொய் சொல்றது, இல்லேன்னா நீ சொல்றே."

ஜகதாம்பாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாகஜோதி கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"சார், எங்க ஊர்ல நூறு நாள் வேலைக்கு நூறு பேரு வருவாக. மம்பட்டி பிடிக்கிறது நாப்பது பேரு. மிச்சப் பேரு வேப்பமரத்தடியில கதை பேசிக்கிட்டு இருப்பாக. வேல நடக்கணும்னா வெளியூர்லருந்தா ஆளக் கொண்டாருவீக? மரத்தடியில உள்ளவுகள ஒரு சத்தம் போட்டு எழுப்பிவிட்டாப் போதும்ல? ஒங்க காலு சும்மா கெடந்த காலு. சதை இருக்கு, ஆனா பாதிக்குமேல மரத்தடியில கெடக்கு. நரம்பு இப்பத்தேன் ஒவ்வொண்ணா எழுப்புது. மொத ரெண்டு மாசத்துல கூடுற பலம் பெரும்பாலும் அதுதேன். சதை பெருக்க நாளாகும். டேப்புல தெரியாது, கால்ல தெரியும்."

பஞ்சாபகேசன் முப்பத்தொரு வருஷம் அரசாங்க ஆபீசில் இருந்தவர். நூறு பேரில் நாற்பது பேர் வேலை பார்ப்பது என்றால் என்ன என்று அவருக்கு விளக்கவேண்டியதில்லை. நோட்டை மூடிக்கொண்டார்.

ஐந்தாம் வாரம் குட்டு வெளிப்பட்டது. "மாடிக்கு ஏறிப் பாத்தீகளா சார்?" என்று நாகஜோதி சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர் ரப்பர் பட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். ஜகதாம்பாளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"எங்காத்துல மாடியே இல்லையேம்மா."

திவசம், நமஸ்காரம், மடி, ஈர வேட்டி, நாற்காலி என்று ஒன்றுவிடாமல் வெளியே வந்தது. பாதி எழுந்தபோது தோளில் மூட்டை இறங்கினாற்போல இருந்ததையும் சொன்னார். பேச்சின் நடுவே ஜகதாம்பாள் குனிந்து மணல் பையின் பட்டையைச் சுருட்டத் தொடங்கினாள்.

"பலம் பத்தலைன்னா அப்பிடித்தேன் சார், யாரோ மேல ஏறி உக்காந்த மாதிரி இருக்கும்," என்றாள் நாகஜோதி. பிறகுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. "இத மொத நாளே சொல்லியிருக்கக் கூடாதா? மாடிப்படிக்குப் பழக்குன காலு மாடிப்படிக்குத்தேன் நல்லா ஒழைக்கும். தரையிலருந்து எந்திரிக்கணும்னா தரையில கெடந்து எந்திரிச்சுத்தேன் பழகணும். இம்புட்டு நாள வீணாக்கிட்டீகளே! ஆமா, கீழ விழுந்தவரக் கையக் கொடுத்துத் தூக்கக்கூடாதா? எங்க ஊர்ல ஒருத்தரு வழுக்கி விழுந்தா ஒம்பது பேரு ஓடியாருவாக."

"மடின்னா அப்படித்தாம்மா," என்றார் பஞ்சாபகேசன். அந்த இடத்தில் அவருக்கே தன்மேல் கொஞ்சம் பரிதாபமாக இருந்தது.

அன்றையிலிருந்து நாற்காலிக்கு ஓய்வு. பாயில் குப்புறப் படுத்து, கையை ஊன்றி, முழங்காலுக்கு வந்து, ஒரு காலை முன்னால் வைத்து, எழுந்து நிற்க வேண்டும். எட்டுத் தடவை. அது பழகியதும், தரையில் இருக்கிற பத்துக் கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். "முதுக வளைக்காதீக. பொருள ஒடம்போட ஒட்டி வையிங்க. காலு தூக்கட்டும்," என்று கத்துவாள். திவசத்தன்று பகல் இரண்டு மணிவரை அவர் ஒன்றும் சாப்பிட மாட்டார் என்று தெரிந்ததும், கடைசி வாரத்தில் ஒரு நாள் வேண்டுமென்றே பதினொரு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லி, பக்கத்திலேயே நின்று செய்ய வைத்தாள்.

"அம்மா, நீங்களும் ரெண்டு தடவ எந்திரிச்சுக் காட்டுங்களேன்," என்று அன்றைக்கு ஜகதாம்பாளைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கென்னம்மா! நாள் பூரா உக்காந்து எழுந்துண்டுதானே இருக்கேன்," என்று சிரித்தாள் அவள்.

எட்டாம் வாரக் கணக்கு: பதினாலு தடவை, வலது இருபது, இடது பதினெட்டு. தொடை நாற்பத்து மூன்று புள்ளி ஐந்து. அந்த மூன்று மில்லிமீட்டர்கூட டேப்பைத் தளர்த்திப் பிடித்ததால் வந்திருக்கலாம் என்று அவரே பக்கத்தில் குறிப்பு எழுதினார்.

திவசத்துக்கு முதல் நாள் ஜெயராம் போன் பண்ணினான். லீவு கிடைக்கவில்லை. "எதுக்கும் நாற்காலி ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும்ப்பா." பஞ்சாபகேசன் போனை வைத்துவிட்டு, கூடத்தில் இருந்த நாற்காலிகளை எல்லாம் தூக்கிக் கொல்லைப்பக்கத்தில் போட்டார். ஸ்டூலையும் சேர்த்துத்தான்.

மறுநாள் கூடத்தில் ஐந்தே பேர். வாத்தியார், அவருக்கு முதுகுத் தண்டில் டிஸ்க் விலகி ஆறு மாதம், இடுப்பில் பெல்ட். பித்ருக்களாக வரிக்கப்பட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பிராமணர்கள், அவர்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக்கூடாது. மடியாக பஞ்சாபகேசன், மடியாக ஜகதாம்பாள். அவள் விடியற்காலை மூன்றரை மணிக்கே குளித்து, தனியாளாக அத்தனை சமையலையும் முடித்திருந்தாள். ஹோமம் முடியும்போது மணி பன்னிரண்டே முக்கால். புகையில் எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது.

"தம்பதியா நமஸ்காரம் பண்ணுங்கோ," என்றார் வாத்தியார். நாற்காலி எங்கே என்று கண்ணால் தேடியும் பார்த்தார்.

பஞ்சாபகேசன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பக்கத்தில் ஜகதாம்பாள் முழங்காலிட்டு நெற்றியைத் தரையில் வைத்தாள். சிமென்ட் தரை சில்லென்று இருந்தது. அவருக்கு வயிறு காலி, நாக்கு வறண்டிருந்தது. கையை ஊன்றினார். முழங்காலுக்கு வந்தார். வலது காலை முன்னால் வைத்தார். போன வருஷம் மூட்டை இறங்கிய இடம் இதுதான் என்று உடம்பே காத்துக்கொண்டிருந்தது. மூட்டை இறங்கவில்லை. தோள் லேசாகக் கிடந்தது. தொடை ஒரு நடுக்கம் நடுங்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. எழுந்து நின்றுவிட்டார்!

"பேஷ்!" என்றார் வாத்தியார், மந்திரத்துக்கு நடுவில் சொல்லக்கூடாத வார்த்தை. பஞ்சாபகேசனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை முதலில் காட்டவேண்டிய முகத்தைத் தேடிப் பக்கத்தில் திரும்பினார். அந்த உயரத்தில் முகம் இல்லை.

ஜகதாம்பாள் கீழேயே இருந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி, முழங்காலிலேயே நின்றுகொண்டிருந்தாள். சுவர் ஐந்தடி தள்ளி இருந்தது, நடுவில் ஹோமம் பண்ணிய இடம்.

"என்ன?"

"ஒண்ணுமில்லை. நீங்க ஆகவேண்டியதைப் பாருங்கோ. நான் மெதுவா அந்தண்டை நகர்ந்து எழுந்துண்டுடறேன்."

"எப்பவும் எப்படி எழுந்துப்பே?"

அவள் வாத்தியாரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒங்க தோளைப் பிடிச்சுண்டு."

"எப்பலேர்ந்து?"

"முட்டி வலி வந்ததுலேர்ந்து. ஒம்போது வருஷம் இருக்குமா? லேசாத்தான் கையை வெப்பேன், ஒங்களுக்குத் தெரியாது. போன வருஷம் முடியலை. ரெண்டு தடவையும் மொத்தமா சாஞ்சுட்டேன்."

"சொல்லலையே நீ."

"என்னன்னு சொல்றது? ஜெயராம் தொட்டுட்டான், நீங்க ஈர வேட்டியோட நிக்கறேள்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "இந்த வருஷம் கையை வெக்கலை. எட்டு வாரம் பாடுபட்டிருக்கேளே."

பஞ்சாபகேசன் நின்ற இடத்திலேயே நின்றார். எத்தனை தராசைச் சந்தேகப்பட்டிருக்கிறார், எத்தனை தட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்! போன வருஷம் தராசில் பிசகே இல்லை. தட்டில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள், அவர் ஒருவர் கணக்கை மட்டும் படித்திருக்கிறார். காலால் தள்ளிய அந்த ஸ்டூல் ஞாபகத்துக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

வாத்தியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். "நீங்க இருங்கோ," என்றார் பஞ்சாபகேசன். மடியாகவும் இருந்து, தூக்கவும் கூடிய கை அந்தக் கூடத்தில் அவருடையது ஒன்றுதான். அவள் முன்னால் வந்து முழங்காலை மடக்கி இறங்கினார். முதுகை வளைக்கவில்லை. இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து, அவளை மார்போடு ஒட்டிக்கொண்டார். மஞ்சளும் அடுப்புப் புகையும் கலந்த வாசனை வீசியது.

"எண்ணு," என்றார்.

"ஐயோ, எல்லாரும் பார்க்கறா."

"எண்ணுடி."

"ஒண்ணு," என்றாள். எழுந்துவிட்டாள்.

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். "மாமா, சாப்பாடான அப்புறம் ஆசீர்வாதத்துக்கு இன்னொரு நமஸ்காரம் இருக்கு. அதை வேணும்னா ரெண்டு பேரும் நின்னுண்டே..."

"விழுந்துதான் பண்ணுவோம்."

மணி இரண்டேகாலுக்கு, இலை எடுத்த பிறகு, மறுபடி இருவரும் விழுந்தார்கள். பஞ்சாபகேசன் முழங்காலுக்கு வந்து, வலது காலை முன்னால் வைத்து, அப்படியே நின்றார். பக்கத்தில் அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"கையை வை," என்றார்.

"நானே..."

"வைன்னா வை. லேசா வெக்காதே. முழுசா சாஞ்சுக்கோ."

கை வந்து தோளில் விழுந்தது. கையோடு ஆளும் வந்தாள். அறுபத்திரண்டு கிலோ இருப்பாள் என்று அவர் அனுபவம் சொன்னது. போன வருஷத்து அதே மூட்டை, அதே இடம். தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடின. மரத்தடியில் கிடந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து வந்தாக வேண்டிய நேரம். பல்லைக் கடித்துக்கொண்டு தரையை மிதித்தார்.

"ரெண்டு," என்றாள் ஜகதாம்பாள், அவர் காதுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.